‘தி டம்பிங் கிரவுண்ட்’ பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: பிரிட்டனில் ‘கேர்’ என்றால் என்ன?

பிபிசியின் குழந்தைகள் சேனலான சிபிபிசியில் 2013 ஜனவரியில் தொடங்கிய தொடர் ‘தி டம்பிங் கிரவுண்ட்’. பெற்றோருடன் வாழ முடியாத பிள்ளைகள் சேர்ந்து வளரும் ஒரு வீடுதான் கதைக்களம். இதற்கு இரண்டு முன்கதைகள் உண்டு. ஜாக்குலின் வில்சன் 1991-ல் எழுதிய நாவலை வைத்து 2002-ல் ‘தி ஸ்டோரி ஆஃப் டிரேசி பீக்கர்’ என்ற தொடர் வந்தது. டானி ஹார்மர் நடித்த டிரேசி, தன் அம்மா ஹாலிவுட்டில் பெரிய நடிகை, எந்த நாளும் வந்து தன்னைக் கூட்டிப் போய்விடுவாள் என்று நம்பிக்கொண்டே இருக்கும் சிறுமி. 2010-ல் வந்த ‘டிரேசி பீக்கர் ரிட்டர்ன்ஸ்’ தொடரில் அவளே வளர்ந்து, எல்ம் ட்ரீ ஹவுஸ் என்ற இல்லத்துக்குப் பராமரிப்பாளராக வருகிறாள். அவள் போன பிறகும் அந்த இல்லத்தின் கதை தொடர்ந்தது. அதுதான் ‘தி டம்பிங் கிரவுண்ட்’.

தமிழ்ப் பார்வையாளர்கள் பலர் முதல் எபிசோடைப் பார்த்ததும் இதை ஓர் அநாதை இல்லம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேயே கதை பிடிபடாமல் போய்விடுகிறது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ, சிலருக்கு இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். போன் செய்கிறார்கள், சனிக்கிழமை வருகிறேன் என்கிறார்கள், சில சமயம் வருகிறார்கள், பல சமயம் வருவதில்லை. பெற்றோர் இல்லாத சோகத்தை வைத்து இந்தத் தொடர் நகரவில்லை. இந்தப் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இப்போது யார் கையில் இருக்கிறது என்ற கேள்விதான் எபிசோடுக்கு எபிசோடு கதையை நகர்த்துகிறது. அதற்கான விடை சட்டத்தில் இருக்கிறது. ஆகவே சட்டத்திலிருந்தே தொடங்கலாம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்து முறை.

உள்ளே வரும் இரண்டு வழிகள்

இங்கிலாந்தில் எல்லாவற்றுக்கும் அடிப்படை 1989-ம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். அந்தச் சட்டப்படி ஒரு பிள்ளை உள்ளூர் கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி அமைப்பின், பராமரிப்புக்கு வரப் பெரும்பாலும் இரண்டு வழிகள். இந்தப் பராமரிப்பைத்தான் ‘கேர்’ என்கிறார்கள்.

முதலாவது, 20-ம் பிரிவு. பெற்றோரின் சம்மதத்தோடு நடப்பது. அம்மா மருத்துவமனையில் படுத்துவிட்டாள், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அல்லது பதினான்கு வயது மகனைச் சமாளிக்க முடியாமல் குடும்பமே உதவி கேட்கிறது. கவுன்சில் பிள்ளைக்குத் தங்குமிடம் தருகிறது. ஆனால் பெற்றோர் உரிமை முழுக்கப் பெற்றோரிடமே இருக்கிறது, கவுன்சிலுக்கு அதில் துளியும் சேர்வதில்லை. அந்த உரிமை உள்ள தாய் நாளைக் காலையில் வாசலில் வந்து நின்று “என் பிள்ளையை அனுப்புங்கள்” என்றால், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை இல்லம் தன் விருப்பப்படி நிறுத்திவைக்க முடியாது.

இரண்டாவது, 31-ம் பிரிவு. இது குடும்ப நீதிமன்றத்தின் உத்தரவு. பிள்ளைக்குக் கடுமையான பாதிப்பு நேர்ந்திருக்கிறது அல்லது நேரக்கூடும், அதற்குக் காரணம் கிடைக்கும் பராமரிப்பு நியாயமான அளவில் இல்லாதது அல்லது பிள்ளை பெற்றோரின் கட்டுப்பாட்டை மீறியிருப்பது என்று நீதிமன்றத்துக்குத் தெளிவாக வேண்டும். அத்தோடு, உத்தரவு போடுவதுதான் பிள்ளைக்கு நல்லது என்றும் படவேண்டும். வறுமை மட்டும் காரணமாகாது. உத்தரவு வந்தபின் பெற்றோர் உரிமையில் கவுன்சிலும் பங்காளி ஆகிறது; பெற்றோர் அந்த உரிமையை எவ்வளவு பயன்படுத்தலாம் என்று வரம்பு போடும் அதிகாரமும் அதற்குக் கிடைக்கிறது. அப்போதும் பெற்றோரின் உரிமை அழிந்துவிடுவதில்லை. தத்து கொடுத்தால்தான் அது முற்றிலும் கைமாறும்.

இந்த வழக்குகளை 26 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது 2014-ல் வந்த விதி. நடைமுறையில் பல வழக்குகள் அதைத் தாண்டுகின்றன. அதுவரை இடைக்கால உத்தரவு ஓடும். பிள்ளையின் நலனை மட்டும் பார்த்து நீதிமன்றத்திடம் பேச, கார்டியன் என்று ஒருவர் தனியே நியமிக்கப்படுவார். ஆபத்து உடனடியானது என்றால் காவல்துறை பிள்ளையை 72 மணி நேரம் வரை பாதுகாப்பில் வைக்கலாம். நீதிமன்றத்தின் அவசரப் பாதுகாப்பு உத்தரவு 8 நாள் செல்லும், ஒரே ஒரு முறை இன்னும் 7 நாள் நீட்டலாம்.

இதைத் தெரிந்துகொண்டு தொடரைப் பார்த்தால், பெற்றோர் திடீரென்று வாசலில் வந்து நிற்கும் காட்சிகளின் கனம் புரியும். இல்லத்தின் தலைமைப் பராமரிப்பாளர் மைக் மில்லிகன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பிள்ளை அழுது கெஞ்சினாலும், “சரி, அம்மாவோடு போய் வா” என்றோ “போகாதே” என்றோ அவர் மனம்போலச் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை எந்தப் பிரிவின் கீழ் வந்தது, சந்திப்புக்கு என்ன ஏற்பாடு எழுதப்பட்டிருக்கிறது, கவுன்சிலின் சமூகப் பணியாளரான சோஷியல் வொர்க்கர் என்ன சொல்கிறார் என்று பார்த்துத்தான் வாய் திறக்க முடியும். பெற்றோருடன் நியாயமான தொடர்புக்கு இடம்கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை மறுக்க வேண்டுமானால் கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அவசர நிலையில் மட்டும் 7 நாள் வரை தானாக நிறுத்திவைக்கலாம்.

யார் யார், யாருக்கு என்ன அதிகாரம்

இல்லத்தில் பிள்ளையோடு இருப்பவர்கள் பராமரிப்பாளர்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட்ட கீ வொர்க்கர்: பல் மருத்துவரிடம் கூட்டிப்போவது, பள்ளிக்கூடத்தில் பேசுவது, பிறந்தநாளை ஞாபகம் வைத்திருப்பது எல்லாம் இவர் பொறுப்பு. சோஷியல் வொர்க்கர் இல்லத்து ஆள் அல்ல, கவுன்சிலின் ஆள். பிள்ளை ஓரிடத்துக்கு வந்த ஒரு வாரத்துக்குள் வந்து பார்க்க வேண்டும். முதல் ஆண்டில் ஆறு வாரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. பிள்ளையைத் தனியாகப் பார்த்துப் பேசுவதும் விதியில் இருக்கிறது. டிரேசியின் சோஷியல் வொர்க்கர் எலைன் மீது அவளுக்கு அவ்வளவு எரிச்சல் வருவதற்குக் காரணம் இருக்கிறது. எப்போதாவது வருபவர் அவர், ஆனால் எங்கே வாழ வேண்டும் என்பதில் அவர் சொல்லுக்குத்தான் எடை அதிகம்.

மூன்றாவது ஆளைத் தொடரில் அதிகம் பார்க்க முடியாது, நிஜத்தில் மிக முக்கியமானவர்: மீளாய்வு அலுவலர். பிள்ளையின் வழக்கைக் கையாளும் சோஷியல் வொர்க்கருக்கோ அவருடைய மேலாளருக்கோ கட்டுப்படாதவர். பிள்ளை பராமரிப்புக்கு வந்த 20 வேலை நாட்களுக்குள் முதல் மீளாய்வுக் கூட்டம், அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் அடுத்தது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. கவுன்சில் எழுதிக்கொடுத்த திட்டம் நடக்கிறதா என்று இவர்தான் கேட்பார்.

அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி சோஷியல் வொர்க்கர், கீ வொர்க்கர், பள்ளி ஆசிரியர், சில சமயம் தாய். நடுவே பதினொரு வயதுப் பிள்ளை. அதற்குமுன் ‘எனக்கு எது பிடிக்கிறது, எது கவலையாக இருக்கிறது’ என்று எழுதித் தர ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள். கூட்டத்தில் மருத்துவப் பரிசோதனை முடிந்ததா, பள்ளித் திட்டம் எழுதியாயிற்றா, அம்மாவைப் பார்க்கும் நாள் எது, தங்கையிடம் எப்போது பேசலாம் என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் யார் எதை எந்தத் தேதிக்குள் செய்யவேண்டும் என்று எழுதுவார்கள். இங்கேதான் கோளாறு நடக்கிறது. நிறையப் பெரியவர்கள் உட்கார்ந்து தன் சண்டைகளையும் மதிப்பெண்களையும் பேசுவதைக் கேட்க எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. எழுந்து போய்விடும், அல்லது “எல்லாம் ஓகே” என்று முடித்துக்கொள்ளும். நல்ல மீளாய்வு அலுவலர்கள் கூட்டத்துக்கு முன்பே பிள்ளையைத் தனியாகச் சந்தித்துவிடுவார்கள், யார் அந்த அறையில் இருக்கலாம் என்று பிள்ளையையே கேட்பார்கள். பேச வராத பிள்ளைக்காகப் பேச வாதிடுநர் ஒருவரைக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. ஆனால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால்தானே கேட்க முடியும்.

இல்லத்துக்குள்

புதுப் பிள்ளை வரும் காட்சி இந்தத் தொடரில் அடிக்கடி வரும். கையில் ஒரு பை, முகத்தில் முறைப்பு. நிஜத்தில் அன்றைக்குச் செய்யவேண்டிய வேலை நிறைய. ஒவ்வாமை என்ன, என்ன மருந்து சாப்பிடுகிறான், எத்தனை மணிக்குத் தூங்குவான், இருட்டுக்குப் பயமா, போன் வைத்துக்கொள்ளலாமா, யாரிடமிருந்து அழைப்பு வந்தால் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் எழுதிய திட்டம் பிள்ளை வருமுன்பே தயாராக இருக்கவேண்டும். முடியாவிட்டால் வந்த ஐந்து வேலை நாட்களுக்குள். இரவு பதினொரு மணிக்கு அவசரமாகக் கொண்டுவந்துவிடும் பிள்ளைக்கு இதெல்லாம் காலியாகவே இருக்கும். முதல் வாரத்திலேயே நடக்கும் பல சண்டைகளுக்கு இந்தக் காலி இடங்கள்தான் காரணம். விளக்கை அணைத்ததும் கதவை உதைக்கும் பிள்ளை திமிர் பிடித்ததல்ல. இருட்டு அதற்கு எதை நினைவூட்டும் என்று யாரும் பராமரிப்பாளருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உடைமைகள் விஷயத்தில் தொடர் மிகச் சரியாக இருக்கிறது. ஹாரி என்ற சிறுவன் ஜெஃப் என்ற ஒட்டகச்சிவிங்கி பொம்மை இல்லாமல் எங்கும் போகமாட்டான். கஸ் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பான். இடம் மாறி மாறி வளர்ந்த பிள்ளைக்குத் தொடர்ச்சியாகத் தன்னிடம் இருப்பது அந்த ஒரு பொருள்தான். இடம் மாற்றும்போது துணிமணிகளைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு அனுப்பும் பழக்கத்தை எதிர்த்துப் பராமரிப்பில் வளர்ந்தவர்களே இன்றுவரை பேசிவருகிறார்கள். ஒரு நல்ல பெட்டி வாங்கிக் கொடுக்கப் பெரிய பணம் ஆகாது. பெட்டி கட்டும்போது பிள்ளையையே கூட நின்று அடுக்கவிட வேண்டும், போட்டோக்களும் பொம்மையும் பையின் மேல்பக்கம் இருக்க வேண்டும்.

தண்டனை விஷயத்தில் 2015-ம் ஆண்டின் குழந்தைகள் இல்ல விதிகள் கறாரானவை. அடி கூடவே கூடாது. சாப்பாட்டை நிறுத்துவது, தூங்கவிடாமல் வைப்பது, வீட்டாரிடம் பேசவிடாமல் தடுப்பது எல்லாம் தடை. ஒருவன் செய்த தப்புக்கு எல்லோருக்கும் டிவி கிடையாது என்று சொல்வதும் தடை. ஒரு பிள்ளையைக் கொண்டு இன்னொரு பிள்ளையைத் தண்டிக்க வைப்பதும் அப்படியே. காயமோ பெரிய பொருட்சேதமோ தடுக்க, அளவோடு பிடித்து நிறுத்தலாம். அப்படிச் செய்தால் 24 மணி நேரத்துக்குள் எழுதிவைக்க வேண்டும், பிறகு அந்தப் பிள்ளையிடமும் ஐந்து நாளுக்குள் அதைப் பற்றிப் பேசவேண்டும். பிள்ளை ஓடிப்போய்த் திரும்பிவந்தால் 72 மணி நேரத்துக்குள் இல்லத்தைச் சாராத ஒருவர் வந்து ஏன் போனாய் என்று கேட்கும் ஏற்பாடு தரப்பட வேண்டும். மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து இல்லத்தைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதுவார். அது கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டுக்குப் போகும். ஆஃப்ஸ்டெட் தன் பங்குக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்து தர மதிப்பு கொடுக்கும்.

தொடர் எங்கே வளைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு மூன்று பெரியவர்கள். நாடகத்துக்கு அது தேவை, கூட்டம் இருந்தால்தான் கதை கிடைக்கும். இன்றைய இங்கிலாந்து இல்லங்கள் சாதாரணத் தெருவில் இருக்கும் சாதாரண வீடுகள். மூன்று நான்கு பிள்ளைகள் இருப்பதே வழக்கம், ஒரே பிள்ளைக்கான இல்லங்களும் உண்டு. பெரியவர்கள் ஷிப்டில் மாறி மாறி வருவார்கள், இரவில் ஒருவர் அங்கேயே படுப்பார் அல்லது விழித்திருப்பார். மைக் போல ஆண்டுக்கணக்கில் ஒரே ஆள் நீடிப்பது அரிது. ஊழியர் மாறிக்கொண்டே இருப்பதுதான் பிள்ளைகள் சொல்லும் பெரிய குறை. பெரும்பாலான இல்லங்களைத் தனியார் நடத்துகிறார்கள். வீட்டு விலை குறைந்த வடமேற்குப் பகுதியில் அவை குவிந்திருப்பதால், லண்டன் பிள்ளை நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஊரில் வளரவேண்டி வருகிறது. இந்தத் தூரம்தான் தொடரில் போதுமான அளவு வராத உண்மை.

இன்னொன்று: இல்லம் என்பது இந்த முறையின் சிறு பகுதிதான். 2024 மார்ச் முடிவில் இங்கிலாந்தில் கவுன்சில் பராமரிப்பில் இருந்த பிள்ளைகள் 83,630 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வளர்ப்புக் குடும்பங்களில், அதாவது தத்து எடுக்காமல் கவுன்சிலுக்காகப் பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்ப்பவர்களிடம், இருந்தார்கள்.

கேம் வருவதும் போவதும்

டிரேசியை வளர்ப்புப் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளும் எழுத்தாளர் கேம் தனியாக வாழும் பெண். அதில் சட்டத் தடை எதுவும் இல்லை. திருமணம் ஆகியிருக்க வேண்டியதில்லை, சொந்த வீடு வேண்டியதில்லை, பிள்ளைக்கென்று ஒரு தனி அறை இருந்தால் பெரும்பாலும் போதும். விண்ணப்பித்தால் குற்றப் பதிவுச் சரிபார்ப்பு, மருத்துவ அறிக்கை, நன்னடத்தை சொல்ல ஆட்கள், பயிற்சி வகுப்பு, வீட்டுக்கே வந்து பலமுறை நடத்தும் நீண்ட பேச்சு எல்லாம் உண்டு. பிறகு ஒரு குழு பரிந்துரைக்கும், கவுன்சிலிலோ ஏஜென்சியிலோ ஓர் அதிகாரி முடிவெடுப்பார். மாதக்கணக்கில் ஆகும் வேலை இது.

ஆனால் எல்லாம் முடிந்தபிறகும் வளர்ப்புப் பெற்றோருக்குப் பெற்றோர் உரிமை கிடையாது. முடி வெட்டலாமா, பள்ளிச் சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போடலாமா என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் ஒரு கையெழுத்துக்காகப் பிள்ளை சுற்றுலாவை இழக்கும். தோழி வீட்டில் ஓர் இரவு தங்க, அந்த வீட்டாரைப் போலீஸ் சரிபார்க்க வேண்டும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. சாதாரணப் பெற்றோர் விசாரிப்பதுபோல விசாரித்தால் போதும் என்பதே அரசு வழிகாட்டுதல்.

நாவலில் டிரேசி கேமைச் சந்திக்குமுன்பே இரண்டு வளர்ப்புக் குடும்பங்களை இழந்தவள். இரண்டாவது தம்பதியான ஜூலியும் டெட்டும் தங்களுக்கே குழந்தை பிறக்கப்போகிறது என்றதும் அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வளர்ப்பு இடம் முறிவதற்கு இப்படி வீட்டுச் சூழல் மாறுவது ஒரு காரணம். பிள்ளையின் வரலாற்றை முழுதாகச் சொல்லாமல் ஒப்படைப்பது, பொருத்தம் பார்க்காமல் காலியிடம் பார்த்து அனுப்புவது, நடு இரவில் அழைத்தால் உதவிக்கு ஆள் இல்லாதது ஆகியவை மற்ற காரணங்கள். ஒவ்வொரு முறிவும் அடுத்த இடத்தை இன்னும் கடினமாக்குகிறது. அடுத்த வீட்டில் பிள்ளை முதல் நாளிலிருந்தே சோதித்துப் பார்க்கும்: நான் இப்படி நடந்தாலும் வைத்துக்கொள்வாயா? டிரேசியின் அட்டகாசத்தில் பாதி இந்தக் கேள்விதான்.

‘டிரேசி பீக்கர் ரிட்டர்ன்ஸ்’ தொடரில் அறிமுகமாகும் டீ, ஜானி போன்ற உடன்பிறப்புகளுக்கு வேறு சிக்கல். முடிந்தவரை சேர்த்தே வைக்கவேண்டும் என்கிறது சட்டம். ‘முடிந்தவரை’ என்ற சொல்லில்தான் ஓட்டை. மூன்று பிள்ளைகளை ஒன்றாக ஏற்க இடமுள்ள வீடுகள் குறைவு. பிரித்துத்தான் வைக்கவேண்டுமென்றால் எந்த நாளில், எங்கே, யார் கூட்டிப்போய்ச் சந்திக்க வைப்பது என்று திட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். எழுதாத சந்திப்பு நடப்பதில்லை.

பதினெட்டுக்குப் பிறகு

தொடரில் மூத்த பிள்ளைகள் ஒவ்வொருவராக விடைபெறும் எபிசோடுகள் உண்டு. பதினாறு வயதானதும் அடுத்த கட்டத்துக்கான திட்டம் எழுதத் தொடங்குவார்கள். தனி ஆலோசகர் ஒருவர் வருவார், தேவைப்பட்டால் 25 வயது வரை அவர் உதவி உண்டு. வளர்ப்புக் குடும்பத்தில் இருப்பவர், இரு தரப்புக்கும் சம்மதமென்றால், 21 வயதுவரை அங்கேயே இருக்கலாம். இந்த ஏற்பாடு 2014-ல் வந்தது. இல்லத்தில் வளர்ந்தவருக்கு அதே உரிமை தரப்படவில்லை. மிகவும் அடிபட்ட பிள்ளைகளே அதிகம் இல்லங்களில் இருக்கிறார்கள், அவர்களையே முதலில் வெளியே அனுப்புகிறோம். இது சரியல்ல.

தனி வீடு அமைக்க 3,000 பவுண்டு வரை உதவித்தொகை உண்டு. பல்கலைக்கழகம் போனால் 2,000 பவுண்டு தனி உதவி. கட்டில், ஃப்ரிட்ஜ், திரைச்சீலை, பாத்திரம் என்று பட்டியல் போட்டால் முதல் தொகை வேகமாகக் கரையும். வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பட்டியலை ஆலோசகரோடு உட்கார்ந்து எழுதிவிட வேண்டும்.

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்று

ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளையை ‘சித்தப்பா’ வீட்டில் விட்டுவைப்பது நம்மிடையே சாதாரணம். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை (ஊனமுற்றவராக இருந்தால் பதினெட்டு) நெருங்கிய உறவினர் அல்லாதவரிடம் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால், கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டியது சட்டக் கடமை. தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா, பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள், அவர்களின் கணவன் மனைவி, மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை ஆகியோர் மட்டுமே சட்டத்தின் கண்ணில் நெருங்கியவர்கள். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி நமக்குச் சித்தப்பா, சட்டத்துக்கு அல்ல. ஏற்பாடு முன்பே தெரிந்தால் ஆறு வாரம் முன்னதாகச் சொல்லவேண்டும். திடீரென நேர்ந்தால் உடனே. சோஷியல் வொர்க்கர் வந்து பிள்ளையைப் பார்ப்பார், படுக்கும் இடத்தைப் பார்ப்பார், ஊரிலிருக்கும் பெற்றோரிடம் பேசுவார். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகும் வேலை அல்ல இது. அவர் வரும்போது பெற்றோர் எழுதிக்கொடுத்த கடிதம், மருத்துவரிடம் பதிந்த விவரம், பள்ளி விவரம், ஊருக்குப் போன் செய்யும் எண் நான்கும் ஒரே உறையில் இருந்தால் முதல் சந்திப்பு சுலபமாக முடியும். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தனக்கு அங்கே இருக்கும் சங்கடத்தை அது எப்படிச் சொல்லும்?